காலியாகக் கிடந்த கட்டம்

மாலை ஏழு ஐம்பது. சிறுவர் ஆட்டத்தில் அதுவரை ஆறு லெக் பை. கொடுத்தவர் நடுவர் நெவில்.

ஆறு முறையும் காலைத் தூக்கித் தட்டிக் காட்டினார். ஆறு முறையும் ஸ்கோர் எழுதும் மேசையிலிருந்து ஜேனிஸ் கை தூக்கினார், பார்த்துவிட்டேன் என்று.

ஆட்டம் முடிந்து ஸ்கோர் புத்தகத்தில் கையெழுத்துப் போடப் போனபோது லெக் பை கட்டம் காலியாக இருந்தது.

மொத்தம் சரி. ஆனால் காலில் பட்டு ஓடிய ஆறு ரன்னும், பிள்ளைகள் பேட்டால் அடித்ததாக ஏறியிருந்தன.

ஹாலோபி கிரிக்கெட் கிளப்பின் செயலாளரும் நெவில்தான். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் புரட்டினார். மே மாதம் முதல் ஒன்பது ஆட்டம். ஒரு லெக் பை கூட இல்லை.

ஜேனிஸின் மகன், காலம் என்று பெயர், கிளப்பின் சிறுவர் அணியில்தான் ஆடுகிறான். சீசன் முடிவில் அதிக ரன் எடுத்த பிள்ளைக்கு லீக் கோப்பை கொடுக்கும். நெவில் சந்தேகப்பட அது போதுமானதாக இருந்தது.

விஷயம் வெளியே போனால் லீக் அணியையே நீக்கிவிடும். போன வருடம் பதினான்கு பிள்ளைகளோடு ஆரம்பித்து, ஜூலையில் ஆறு பேராகி, அணி கலைந்தது. இந்த வருடம் சரியாகப் பதினொரு பேர். இதுவும் போனால் ஹாலோபியில் சிறுவர் கிரிக்கெட்டே கிடையாது. விஷயம் வெளியே தெரிவதற்குள் ஜேனிஸை மேசையிலிருந்து எழுப்பிவிட வேண்டும். அதற்கு ஆதாரம் வேண்டும்.

ஒவ்வோர் ஆட்டத்திலும் எதிரணியின் ஸ்கோரரும் பக்கத்தில் உட்கார்ந்து தனிப் புத்தகம் எழுதுவார். பழைய பதிவுகளைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி, நெவில் ஐந்து கிளப்களிடம் பக்கங்களின் நகல் வாங்கினார்.

ஐந்திலும் அந்தக் கட்டம் காலி.

செவ்வாய்க்கிழமை மதியம் நகல்களோடு பேருந்து நிலையத்துக்குப் போனார். ஜேனிஸ் ஓட்டுவது பதினேழாம் எண் பேருந்து.

"ஏறுங்க நெவில். கிளம்ப நாலு நிமிஷம் இருக்கு."

"அஞ்சு கிளப்பையும் உன்கூட சேர்த்துக்கிட்டியாம்மா?"

ஜேனிஸ் நகல்களைப் பார்த்தார்.

"நான் எங்க சேர்த்தேன்? அவங்கதான் என்னைச் சேர்த்துக்கிட்டாங்க. முதல் ஆட்டத்துலயே பக்கத்துல இருந்த அம்மா சொல்லிட்டா. ஒரு ரன்னும் எடுக்காம முட்டை வாங்கின புள்ள அடுத்த வெள்ளிக்கிழமை வராதாம். ரெண்டு முட்டைன்னா அந்த வருஷமே வராதாம். அதுக்காக இங்க எல்லாரும் கால்ல பட்ட ரன்னையும் புள்ள பேர்லயே எழுதறாங்கன்னு சொன்னா."

பந்து போட்ட பிள்ளையின் கணக்கில் வீணாக ஒரு ரன் ஏறுகிறதே, அது அநியாயம் இல்லையா என்று கேட்டார் நெவில்.

"அந்தப் புள்ளையும் பேட் பிடிக்கும்ல? அப்ப அதுக்கும் ஒண்ணு போடுவோம்."

"உன் பையனுக்கு எத்தனை போட்டே?"

ஜேனிஸ் சிரித்துவிட்டார்.

"புத்தகத்தைச் சரியா பாக்கலியா நீங்க? காலம் அஞ்சு முட்டை. நானும் ஒவ்வொரு வாரமும் காத்திருக்கேன். அவனுக்கு வர்ற பந்து கால்ல பட மாட்டேங்குது, நேரா ஸ்டம்புக்கே போகுது. போன வாரம் வரமாட்டேன்னு அழுதான். இழுத்துக்கிட்டு வந்தேன்."

பின்னால் இரண்டு பேர் ஏறக் காத்திருந்தார்கள். நெவில் இறங்கி வழிவிட்டார்.

அன்று மாலை நிர்வாகக் குழுக் கூட்டத்தில், செயலாளருக்குச் சொல்ல எதுவும் இல்லை என்று கூட்டக் குறிப்பில் பதிவானது.

அடுத்த சீசன். 2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. ஹாலோபியில் இருபத்தைந்து பிள்ளைகள் பெயர் கொடுத்தார்கள். இரண்டு அணிகள் பதிவாயின. இரண்டாவது அணிக்கு ஸ்கோர் எழுத, நடுவர் வேலையை விட்டுவிட்டுப் பெயர் கொடுத்தவர் நெவில்.