முப்பத்தொரு பெயர்கள்

போன் அடித்தபோது அகிலா தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். திரையில் டேனியலின் பெயர். ஈரக் கையைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் எடுத்துவிட்டாள்.

வீடியோ அழைப்பு. டேனியல் சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தான். பின்னால் வெறும் வெள்ளைச் சுவர்.

"ஹலோ, டாக்டர் அகிலா" என்றான் ஆங்கிலத்தில்.

அவனும் அவன் மனைவி ரூத்தும் ஏழு மாதம் தங்கள் வீட்டில் ஓர் அறையைக் கொடுத்து அவளைத் தங்கவைத்தவர்கள். ஒரு நாளும் அவன் அவளை டாக்டர் என்று கூப்பிட்டதில்லை. அந்தப் பட்டம் அவளுக்கு இன்னும் கிடைக்கவுமில்லை.

அவன் நாட்டின் பெயர் இங்கே வேண்டாம். ஓட்டுப் போட்டு ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்த ஜனங்களால், பிறகு அவரை எழுப்பவே முடியாமல் போன நாடு. அது எப்படி நடந்தது, எந்தெந்த நாளில் யார் யார் வாயை மூடிக்கொண்டார்கள் என்பதுதான் அகிலாவின் ஆராய்ச்சி. பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்யும் திருஞானசம்பந்தத்தின் மகள், ஸ்காலர்ஷிப்பில் அவ்வளவு தூரம் போய், முப்பத்தொரு பேரிடம் பேசிப் பதிவு செய்துகொண்டு வந்தாள். வாத்தியார், நர்ஸ், பஸ் டிரைவர், ஓட்டு எண்ணிக்கையை மாற்றி எழுத மறுத்த ஒரு குமாஸ்தா.

டேனியல் அங்கே கல்லூரி விரிவுரையாளன். எல்லா உதவியும் செய்தான். ஆனால் யாரைப் பார்க்கப் போகிறாய் என்று மட்டும் கேட்கவே மாட்டான். எனக்குத் தெரியாமல் இருப்பதுதான் அவர்களுக்கு நல்லது என்பான்.

ஆராய்ச்சியில் அவர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். எந்த எண் யார் என்ற பட்டியல் ஒரே ஒரு பென் டிரைவில் இருந்தது. அது பக்கத்து அறை பீரோவில், அவளுடைய சான்றிதழ்களுக்கு நடுவில் கிடந்தது.

"அந்த முப்பத்தொரு பேரின் பெயர்கள் எனக்கு வேண்டும். அவர்களில் சிலருக்குத் தொந்தரவு வந்திருக்கிறது. வக்கீல் வைக்க வேண்டும். இப்போதே அனுப்பினால் நல்லது."

மூச்சு விடாமல் சொல்லி முடித்தான்.

முன்னறையில் அப்பாவின் தறி ஓடிக்கொண்டிருந்தது. அகிலா அந்தச் சத்தத்தைச் சாக்காக வைத்து, "சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தரம் சொல்" என்றாள்.

இன்னொரு தரம் சொன்னான். ஒரு வார்த்தை மாறவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தறியில் இழை அறுந்திருக்க வேண்டும். சத்தம் சட்டென்று நின்றது.

அந்த அமைதியில், போனுக்குள் யாரோ இருமினார்கள்.

டேனியலின் உதடு அசையவில்லை.

அகிலா, ஈரக் கையில் வழுக்கிய போனை அலமாரியில் சாய்த்து வைத்தாள். வைத்த பிறகுதான், தன் முதுகுக்குப் பின்னால் ஜவுளிக்கடைக் காலண்டர் தொங்குவது உறைத்தது. தெரு, ஊர் எல்லாம் ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில். மெல்ல நகர்ந்து தலையால் அதை மறைத்தாள்.

"யாருமா அது, இங்கிலீஷ்ல பேசிக்கினு இருக்கிற?" என்று முன்னறையிலிருந்து அப்பா கேட்டார்.

அப்பாவின் குரலும் அந்த வெள்ளைச் சுவர் அறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதே என்று அவளுக்கு இருந்தது.

கொடுத்துவிடலாம். எழுந்து நாலு அடி வைத்தால் பீரோ. இரண்டு நிமிஷ வேலை. கொடுத்தால் ஒருவேளை இன்றைக்கே அவனை விட்டுவிடுவார்கள். அவன் இடது கையை இதுவரை மேஜைக்கு மேலே கொண்டுவரவில்லை என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

அந்தக் குமாஸ்தா கிளம்பும்போது, "என் பெயர் வராதே?" என்று மூன்று தடவை கேட்டது ஞாபகம் வந்தது. மூன்று தடவையும் அவள், வராது என்று சொல்லியிருந்தாள்.

"பட்டியல் இல்லை, டேனியல்" என்றாள். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "யுனிவர்சிட்டி விதி. ஊருக்கு வந்ததுமே அழித்துவிட்டேன். எனக்கும் யார் பெயரும் ஞாபகம் இல்லை."

"ஒன்றுகூடவா?"

"ஒன்றுகூட இல்லை."

கத்துவான், கெஞ்சுவான் என்று பயந்தாள். ஆனால், விறைத்திருந்த அவன் தோள்கள் மெல்லத் தாழ்ந்தன. குறுக்கே ஒரு கை வந்தது, டேனியலுடையது அல்ல. திரை கறுத்துப்போனது.

அகிலா பீரோவைத் திறந்து பென் டிரைவை எடுத்தாள். கொல்லைப்புறத்துத் துவைக்கிற கல்லில் வைத்து, சுத்தியலால் அடித்தாள். தூளான பிறகும் அடித்தாள். இப்போதுதான் அவள் சொன்ன பொய் உண்மையானது.

சத்தம் கேட்டு அப்பா வந்து கதவோரம் நின்றார்.

"இன்னாமா ஆச்சு? யாரு போன்ல?"

"ஃப்ரெண்டுப்பா. சும்மா கூப்பிட்டாரு."

சொல்லிவிட்டு அந்தக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்பது நாளைக்கு முன்னால் ரூத்திடமிருந்து ஒரு குரல் செய்தி வந்திருந்தது. அதை அவள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஆட்கள் வந்து டேனியலை அழைத்துப் போய்விட்டார்களாம். செருப்புப் போட்டுக்கொள்ள மட்டும் விட்டார்களாம். அதை எடுத்துக் கொடுக்க ரூத் குனிந்தபோது, அவள் காதில் அவன் ஒன்றே ஒன்றுதான் சொன்னானாம்.

"பெயர்களைக் கேட்டு அகிலாவுக்கு நான் போன் செய்வேன். என்ன சொல்லிக் கேட்டாலும் கொடுக்க வேண்டாம் என்று சொல்."