குணமானவர்கள்

"இனி இந்த ஒரு மருந்துதான் மிச்சம். ஆனா கவலைய விடுங்க, நூத்துக்குத் தொண்ணூறு பேர் இதுல பொழைச்சிருக்காங்க," என்றார் டாக்டர்.

"யார் சொன்னா?" என்றார் கட்டிலில் படுத்திருந்தவர்.

"கம்ப்யூட்டர்தான். இந்த ஆஸ்பத்திரியோட பத்து வருஷ ரெக்கார்டையும் அலசிட்டுச் சொல்லுது."

"கேட்டீங்களாப்பா? இனியாவது மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்காதீங்க," என்று மகள் சிரித்தாள். மாதங்கள் கழித்து வந்த சிரிப்பு.

ஓய்வு பெறும்வரை அந்த ரெக்கார்டுகளைப் பதிந்தவர் அவள் அப்பாதான். சிகிச்சையின் பாதியில் வராமல் நின்றவர்களுக்கு, முடிவு என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கே போகாது. அதனால் அத்தனை பேருக்கும் 'குணமாகிவிட்டார்' என்று போட்டிருந்தார்.

அவர்கள் ஏன் வரவில்லை என்று ஒருநாளும் விசாரித்ததில்லை.