மாப்பிள்ளை கொடுத்த ஹார்ட் டிஸ்க்

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். சாமான் எங்களோடது. மாத்திக் குடுக்கறது மட்டும்தான் உங்க வேலை."

சர்வேயர் லேப்டாப்பை மேஜைமேல் வைத்தார். வைத்தாரா, போட்டாரா தெரியவில்லை, மேஜை அதிர்ந்தது. கைப்பிடி வைத்து, மூலைக்கு மூலை ரப்பர் கட்டின பழைய மாடல். சேற்றில் விழுந்தாலும் எழுந்து வேலை செய்கிற ரகம். பக்கத்தில் ஒரு நீலப் பெட்டியை வைத்தார். புது ஹார்ட் டிஸ்க்.

"மாப்பிள்ளை பார்த்து வாங்கிக் கொடுத்தது. வெளியே வாங்கினா எது அசல், எது போலின்னு யார் கண்டா?"

மெக்கானிக் அவர் பக்கம் திரும்பவே இல்லை. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிற்கிறவரை விட்டுவிட்டு, கவுண்டரில் இருந்த மனைவியிடம் சொன்னார்: "எதுக்கு மாத்தணுமாம்னு கேளு."

"டிக் டிக்னு சத்தம் வருதுன்னு சொல்லும்மா," என்றார் சர்வேயரும் அவளிடமே. "மூணு கடைல திறக்கவே பயந்துட்டாங்க. இல்லேன்னா இந்தப் படி ஏறுவேனா? புதுப் பாலத்தோட அளவெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. வேற நகல் கிடையாது. நாளைக்குக் காலைல காட்டலேன்னா என் வேலை போச்சு."

அவள் கம்ப்யூட்டரில் டைப் அடிப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டுப் புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

ஆறு வருஷத்துக்கு முன் இவருடைய மகளைத் தங்கள் மகனுக்குக் கேட்டுப் போனார்கள். "ரிப்பேர்காரன் வீட்டுக்கா?" என்று சிரித்து அனுப்பினார். பெரிய கம்பெனிக்காரனாகப் பார்த்துக் கொடுத்தார்.

அவள் புருஷன் எதையும் மறக்கிற ஆளில்லை. வாங்கின ஏணியைத் திருப்பித் தராத தையல்காரர் கடைப் பக்கம் பார்க்கக்கூடாது என்றே நடந்து நடந்து, கழுத்தே ஒரு பக்கம் சாய்ந்துபோன மனுஷன். இப்போது சர்வேயரின் பிழைப்பே அவர் உள்ளங்கையில்.

மெக்கானிக் பக்கவாட்டு மூடியைத் திறந்தார். ரப்பர் உறைக்குள்ளிருந்த பழைய டிஸ்க்கை மெல்ல உருவினார்.

"உறைக்குள்ள இருக்கிறவரைக்கும்தான் இது பயில்வான். வெளியே வந்துட்டா முட்டை. மேஜையை யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லு."

இரண்டு டிஸ்க்கையும் இணைத்து நகல் எடுக்க விட்டார். பழையது டிக், டிக் என்றது. நடுவில் ஒரு தடவை நின்றேவிட்டது. மூன்று பேரும் மூச்சை அடக்கினார்கள். மறுபடி சுற்றியது. ஒருவழியாக முடிந்தது.

மெக்கானிக் திரையைப் பார்த்தார். நீலப் பெட்டியைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்தது. இந்த ஆறு வருஷத்தில் அவள் பார்க்காத சிரிப்பு.

அந்த நேரம் பார்த்துச் சர்வேயரின் போன் அடித்தது.

"சொல்லும்மா... மறுபடியுமா?" குரலைத் தாழ்த்தினார். சின்னக் கடை, தாழ்த்தியும் கேட்டது. "மாப்பிள்ளை என்ன சொன்னாலும் நீ வாயைத் திறக்காதே. போன தடவை நான் ஒரு வார்த்தை கேட்டதுக்குத்தானே உன்னை ரெண்டு மாசம் இங்க கொண்டுவந்து விட்டுட்டார்... அழாதேம்மா. இனிமே நான் எதுவும் கேக்க மாட்டேன்."

மெக்கானிக்கின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. விருட்டென்று எழுந்தார்.

"யோவ், வெளியே போ!"

ஆறு வருஷத்தில் சர்வேயரிடம் நேராகப் பேசின முதல் வார்த்தை.

"என்ன இது, ஒரு மரியாதை இல்லாம..."

"போனும் கையுமா தலைமேல நின்னா இங்க வேலை ஓடாது. நீயும் போ," என்று மனைவியையும் விரட்டிக் கதவை உள்ளே தாழிட்டார்.

வாசலில் சர்வேயர் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "ஏம்மா, பழசை மனசுல வச்சுக்கிட்டு ஏதாவது பண்ணிடுவாரா?"

"சேச்சே, அப்படிப்பட்டவர் இல்லைங்க."

சொல்லிவிட்டாளே தவிர, கண்ணாடி வழியே பார்த்தவளுக்குப் பகீரென்றது. மெக்கானிக் வேலை மேஜையில் இல்லை. கவுண்டருக்குக் கீழே குனிந்து என்னவோ செய்துகொண்டிருந்தார். நிமிர்ந்தபோது கையில் ஸ்க்ரூடிரைவர். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அந்த டிக், டிக். சாகக் கிடக்கிற டிஸ்க்கை இன்னொரு தடவை எதற்குச் சுற்ற விடுகிறார்? செத்தே தொலையட்டும் என்றா?

"ஏங்க, கதவைத் திறங்க!"

திறக்கவில்லை.

திறந்தபோது தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. சர்வேயர் பாய்ந்து போய் லேப்டாப்பை முடுக்கினார். கண் மூடித் திறப்பதற்குள் திரை வந்தது. அளவு, வரைபடம் எல்லாம் வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். ஒன்றும் குறையவில்லை.

"அடேயப்பா, என்ன வேகம்! பாத்தீங்களா எங்க மாப்பிள்ளை குடுத்த சரக்கை?" கூலியை மேஜைமேல் போட்டார். "எப்படி இருக்குன்னு வாயைத் திறந்து சொல்லுங்களேன்."

மெக்கானிக் வேப்பங்காயைக் கடித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்: "நல்ல சரக்குதான்."

அவர் படி இறங்கியதுதான் தாமதம், மனைவி பொரிந்தாள். "கட்டினவளை வாசல்ல நிக்க வச்சதும் இல்லாம, அந்த மாப்பிள்ளைக்கு சர்டிபிகேட் வேறயா?"

பாதியில் விட்ட டைப்பிங் வேலையை முடிக்கலாம் என்று தன் கம்ப்யூட்டரைத் தட்டினாள். உயிர் வரவில்லை. குனிந்து பார்த்தாள். பக்கவாட்டு மூடி கழன்றிருந்தது. வருஷம் முழுக்க நச்சரித்து, போன வாரம்தான் போட வைத்த புது டிஸ்க் இருந்த இடத்தில் வெறும் ஒயர் தொங்கியது.

"ஏங்க, என்னோட டிஸ்க் எங்கே?"

"அது லேப்டாப்போட படி இறங்கிப் போயிடுச்சு. உன்னோட பழசையே மாட்டித் தரேன். உன் வேலையெல்லாம் அதுல ஏத்தி வச்சுட்டேன்." மாப்பிள்ளை கொடுத்த டிஸ்க்கை நீலப் பெட்டியோடு எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். "மேல எழுதியிருக்கிற கொள்ளளவுல பத்துல ஒரு பங்குகூட உள்ள இல்ல. மிச்சமெல்லாம் காத்து. படு போலி."

"அதை அவர் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே! இதுக்குத்தானே ஆறு வருஷமாக் காத்துக்கிட்டிருந்தீங்க?"

"சொன்னா நேராப் போய் மாப்பிள்ளையைக் கேப்பான். கேக்காம இருக்கிற வாயா அது? அப்புறம் யார் அழறது?"

ஸ்க்ரூடிரைவரைத் துடைத்து வைத்தார்.

"என் சண்டை அப்பனோட. நம்ம வீட்டுக்கு வரவேண்டிய பொண்ணோட இல்ல."