குப்பைக்குப் போன திட்டம்

"என் மெயிலையே குப்பையில தள்ளியிருக்கு! என்ன ஃபில்டர் லா இது?"

ஜூரோங் அலுவலகமே அதிரும்படி கத்தினார் மேலாளர் தணிகாசலம். முதலாளி கபீருக்கு அவர் போன வாரம் அனுப்பிய புதுத் திட்டம் இன்றுதான் ஸ்பேமில் கண்டெடுக்கப்பட்டது.

கணினிப் பிரிவு சுதா அலட்டிக்கொள்ளவில்லை. "அது பேரப் பாக்காது சார், வார்த்தையத்தான் பாக்கும். ஆஃபிஸ்ல நாம ஸ்பேம்னு அழுத்துற மெயில்ல எந்தெந்த வார்த்தை அடிக்கடி வருதுன்னு எண்ணி வச்சிக்கும். புது மெயில்ல அதே வார்த்தைங்க இருந்தா, இதுவும் குப்பையாத்தான் இருக்கும்னு கணக்குப் போடும். ஒரு பாதிரியார் எப்பவோ யோசிச்ச கணக்கு சார், இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"செத்துப்போன பாதிரியார் என் எழுத்த எடை போடுறாரா?" என்று இளக்காரமாகச் சிரித்தார் தணிகாசலம்.

கபீர் சிரிக்கவில்லை. "இங்க யாரும்மா அதிகமா ஸ்பேம்னு அழுத்துறது?"

"தணிகாசலம் சார்தான். இளமதி அனுப்புற எல்லா மெயிலையும் அழுத்திடுவாரு."

"பின்ன? நேத்து வேலைக்கு வந்த பொண்ணு, எனக்கு யோசனை சொல்லுது. அது எழுதுறதெல்லாம் குப்பை லா!"

சுதா இரண்டு மெயில்களைத் திரையில் அருகருகே திறந்தாள். ஒன்று, இளமதி போன மாதம் தணிகாசலத்துக்கு அனுப்பியது. மற்றது, தணிகாசலம் போன வாரம் முதலாளிக்கு அனுப்பியது. அடியில் இருந்த பெயரைத் தவிர ஒரு வார்த்தைகூட மாறவில்லை.

"அதான் சார் சொன்னேன்," என்றாள் சுதா. "அது பேரப் பாக்காது."