லிங்கேஸ்வரன் செய்த இடி

வீடே அதிர இடி இடித்தது. மறுநொடியே லிங்கேஸ்வரனின் கம்ப்யூட்டர் அணைந்தது.

“ஏட்டி முனீஸ்வரி! மெயினை ஏன் அணைச்ச?”

“இடி இடிச்சா அணைக்கணும்னு நீங்கதான சொன்னிய?” என்றாள் மனைவி.

“அது கேமுக்காக நான் கம்ப்யூட்டர்ல செஞ்ச இடி! மின்னலும் சேத்து ரெண்டு மாச வேலை.”

“அய்யோ, நெசமான இடின்னுல்லா நெனச்சேன்! ஈரக்கொலையே நடுங்கிருச்சு.”

லிங்கேஸ்வரனின் கோபம் போன இடம் தெரியவில்லை. “அம்புட்டு தத்ரூபமாவா இருந்துச்சு?”

அந்தக் குளிர்ச்சியிலேயே, ஒரு வாரமாக அவள் கேட்டும் தள்ளிப்போட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் பயணத்துக்கு உடனே கிளம்பிவிட்டான். முனீஸ்வரி ஏற்கெனவே பட்டுச்சேலையில் இருந்தாள்.

வாசலில் பைக்கை எடுத்தவன் திகைத்தான். ஒரு தூறலுக்கே ஓடிவந்து அள்ளுகிறவள், காலையில் வெளியே கட்டிலில் காயப்போட்ட வத்தலைத் தொடவே இல்லை.

“ஏட்டி, இடி கேட்டும் வத்தலை அள்ளலையா?”

பின்னால் ஏறி உட்கார்ந்தபடி சொன்னாள்: “எதுக்கு? வெயிலு நல்லாத்தான அடிக்கு!”