துணி காயப்போடும் கம்பி

"இன்னும் பத்தே நிமிஷம் கொங். இப்போ இந்தக் கம்பியைப் பாருங்க."

மேடைக்குப் பின்னால் கிதாரை டாஃபிஷாவின் மடியில் கிட்டத்தட்ட எறிந்தான் பான்ஷான். அவள் ஷில்லாங்கில் கிதார் பழுது பார்ப்பவள். ஊருக்கே கொங், அதாவது அக்கா. இந்த மாதத்தில் மட்டும் இதே கிதாரை, இதே குறைக்காக மூன்று முறை சரிசெய்து கொடுத்திருந்தாள்.

கம்பிகள் மறுபடியும் தூக்கிக்கொண்டு நின்றன. இந்த உயரத்தில் அழுத்தி வாசித்தால் முதல் பாட்டிலேயே விரல் ஓய்ந்துவிடும். இன்று ஜெயிக்கிற குழுதான் டிசம்பரில் கொஹிமா விழாவுக்குப் போகும். மைதானத்தில் கூட்டம் இப்போதே அவர்கள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது.

"இவங்ககிட்ட குடுக்காதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்," என்றான் டிரம்ஸ் வாசிக்கும் டெய்போர். குத்திக்காட்ட அவனுக்கு நேரம் காலம் கிடையாது. "இவங்க கடையில ஒரு பழைய கிதார் தொங்குதே, பார்த்தியா? கம்பி நிக்கிற உயரத்துக்குத் துணி காயப்போடலாம். சொந்தக் கிதாரையே சரி பண்ணத் தெரியல, ஊரான் கிதாரைத் தொட வந்துட்டாங்க."

டாஃபிஷா வாயிலிருந்த வெற்றிலைப்பாக்கை ஒதுக்கிக்கொண்டாள். கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் பட்டைகளில் முதலாவதிலும் கடைசியிலும் கம்பியை அழுத்தி, நடுவில் கம்பிக்கும் கழுத்துக்கும் இருந்த இடைவெளியைப் பார்த்தாள். காகிதம் நுழையும் அளவுதான்.

"மழை ஈரத்துல கழுத்து வளைஞ்சுடுச்சா கொங்?" என்றான் பான்ஷான்.

"கழுத்து நேரா இருக்கு. தலைப் பக்கமும் சரியாத்தான் இருக்கு."

மிச்சம் இருந்தது, கீழே கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ். அதன்மேல் குனிந்தவள் அப்படியே நின்றாள். ஆறு கம்பியும் சொல்லிவைத்தாற்போல் ஒரே மட்டத்துக்கு ஏறியிருந்தன.

நிமிர்ந்தாள். பந்தல் ஓரத்தில் பான்ஷானின் அப்பா லாம்ப்ராங், கோட்டுப் பையில் கைவிட்டபடி நின்றிருந்தார். ஒரு காலத்தில் இதே மைதானத்தை ஆட்டிவைத்த கிதார்காரர். மர மில் விபத்தில் இடதுகை விரல்கள் மடங்காமல் போன பிறகு இந்தக் கிதாரை மகனிடம் கொடுத்துவிட்டார். மகன் வாசித்தால்கூட எழுந்து வெளியே போய்விடுவார்.

"என் தப்புதான் பான்ஷான்," என்றாள் டாஃபிஷா. "ஸ்க்ரூவைச் சரியா இறுக்காம விட்டுட்டேன். இளகிடுச்சு."

"ஒத்துக்கிட்டாங்கப்பா," என்று டெய்போர் எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். அடுத்த குழுக்காரன் ஒருவன் திங்கட்கிழமை தன் கிதாரைக் கொண்டுவருவதாக அவளிடம் சொல்லியிருந்தான். இப்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

டாஃபிஷாவின் கை பறந்தது. பிரிட்ஜில் கம்பிக்கு இரண்டாகப் பன்னிரண்டு ஸ்க்ரூ. ஒவ்வொன்றாகத் திருகிக் கம்பிகளை இறக்கி, அளவு பார்த்து, சுதி சேர்த்து முடிக்கவும், மேடையில் அவர்கள் பெயரைக் கூப்பிடவும் சரியாக இருந்தது.

"ஓடு," என்றாள்.

பான்ஷான் வாசித்த வாசிப்பு இருக்கிறதே, உட்கார்ந்திருந்த மைதானம் மொத்தமும் எழுந்து குதித்தது. டாஃபிஷாவும் தன்னை மறந்து விசிலடித்தாள்.

பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். லாம்ப்ராங்.

"கொங், ஸ்க்ரூ இளகினா கம்பி இறங்கத்தான் செய்யும். ஏறாது."

"தெரியும் பாஹ்," என்றாள். பாஹ் என்றால் அண்ணன்.

அவர் கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்தார். மடங்காத விரலில் ஒரு கண்ணாடிக் குழாய். பாட்டில் கழுத்தை அறுத்துத் தேய்த்தது. அதைக் கம்பிமேல் வழுக்கவிட்டே வாசிக்கலாம், விரலால் அழுத்தவே வேண்டாம். கம்பி மட்டும் உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடி ஃப்ரெட்டில் இடிக்கும்.

"அவன் வேலைக்குப் போனதும் கம்பியை ஏத்திக்குவேன். வர்றதுக்குள்ள இறக்கி வெச்சுடுவேன். என்ன பண்ணாலும் அளவு கொஞ்சம் தப்பிடும். இன்னைக்கு மத்தியானமே வந்து தூக்கிட்டு ஓடிட்டான். இறக்க நேரமில்லை." கையை மறுபடி பைக்குள் விட்டுக்கொண்டார். "அவன்கிட்ட சொல்லிடாதீங்க. நான் வாசிக்கிறேன்னு தெரிஞ்சா, கிதாரை என் கையில குடுத்துட்டு அவன் ஒதுங்கிடுவான்."

"ரெண்டாவது தடவை கொண்டுவந்தப்பவே கம்பியில கண்ணாடித் தூள் பார்த்தேன். நீங்களா ஒருநாள் கடைக்கு வருவீங்கன்னு இருந்தேன்," என்றாள் டாஃபிஷா. "அங்க அந்தப் பழைய கிதார் கம்பியை ஏத்தித் தொங்கவிட்டிருக்கிறது துணி காயப்போட இல்ல பாஹ். உங்களுக்கு."