மாமன் மடி

"டாக்டரம்மா, எனக்குக் கேன்சர் இல்லைங்கிறதை ஞாயித்துக்கிழமை வரைக்கும் யாருக்கும் சொல்லிராதீங்க."

டாக்டர் தீப்தி நிமிர்ந்து பார்த்தார்.

"பாண்டிமீனா, நான் சொன்னது புரிஞ்சுதா? பொண்ணு பொறந்தப்ப போட்ட காப்பர்-டியை எடுக்காமயே விட்டுட்டீங்க. அதனால அபூர்வமா வர்ற கிருமி இது. கட்டி மாதிரி திரண்டு, ஸ்கேன்ல எங்களையே ஏமாத்திருச்சு. காப்பர்-டியை எடுத்தாச்சு. சில மாசம் மருந்து எடுத்தா சரியாயிடும்."

"நல்லாப் புரிஞ்சது. இப்பத்தான் உசுரே வந்துச்சு. ஆனா ஞாயித்துக்கிழமை வரைக்கும் நான் கேன்சர்காரிதான்!"

நெஞ்சழுத்தக்காரி, வீட்டுக்கு வந்ததும் போர்த்திப் படுத்துக்கொண்டாள். புருசன் முத்துக்குமரனிடம் மட்டும் சொன்னாள்.

"அடிப்பாவி! உங்கண்ணன் தினமும் ஆட்டுக்கால் சூப்பைத் தூக்கிட்டு வந்து அழுதுட்டுப் போறாரு. அந்தப் பாவம் சும்மா விடாதுடி."

"விடாட்டிப் போகுது! நம்ம பொண்ணு வாணிக்குப் பேரு வச்ச விருந்துல, தன் இலைக்கு நல்லி எலும்பு வரலைன்னு எந்திரிச்சுப் போன மனுசன். 'இனி உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்'னாரு. தாய்மாமன் மடி இல்லாம, புள்ள அஞ்சாம் வகுப்பு வந்தும் காது குத்தாம நிக்கிறா. எனக்குக் கேன்சரா இருக்கும்னதும்தான் ஓடி வந்தாரு, ஞாயித்துக்கிழமையே குத்திரலாம்னாரு. இல்லைன்னு தெரிஞ்சா வந்த வழியே போயிருவாரு."

வாசலில் புல்லட் சத்தம். "அம்மா..." என்று முனகத் தொடங்கினாள்.

அண்ணன் விருமாண்டி கால்மாட்டில் உட்கார்ந்து மீசை நனைய அழுதார்.

"ஞாயித்துக்கிழமை வந்துருவீகளாண்ணே?"

"ஊரே மெச்சச் சீர் கொண்டாரேன் தாயி!"

சொன்னபடி வந்தார். குலசாமி கோயிலில் மேளம் முழங்க, தட்டுத்தட்டாய்ச் சீர் இறங்கியது. மாமன் மடியில் உட்கார்ந்து வாணி வீல் என்று கத்த, ஆசாரி காது குத்தி முடித்தார்.

பாண்டிமீனாவுக்கு அதற்குமேல் மனசு கேட்கவில்லை. அண்ணனை மரத்தடிக்கு இழுத்துப்போனாள்.

"என்னைய அடிச்சாலும் சரிண்ணே. எனக்குக் கேன்சரே இல்ல. போன வாரமே தெரியும்."

விருமாண்டி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மெதுவாப் பேசு கழுத! உனக்குத் தெரியாம லேப்புல முதல்ல ரிசல்ட் வாங்கிப் பாத்ததே நான்தான். உனக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். அம்புட்டு வீராப்புப் பேசிட்டுப் போனவன், உனக்கு ஒண்ணுமில்லைன்னா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன் வீட்டுக்கு வாறது?"